விரிசலைத் தேடும் சட்டம்

பைப்பர் ஆரோ நான்கு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம். 1967இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பறந்தபின் சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொள்ளும் ரகம் என்பதால், சாதாரணப் பயிற்சி விமானத்திலிருந்து அடுத்த படிக்குப் போகும் மாணவர்கள் இதில் பழகுவது வழக்கம். இதன் இறக்கைக்கு அடியில், சக்கரக்கால் பக்கவாட்டில் சாய்ந்துவிடாமல் பிடித்திருக்கும் தாங்கி ஒன்று உண்டு. அந்தத் தாங்கி இறக்கைச் சட்டத்தோடு சேரும் இடத்தில் ஓர் எஃகு ஸ்டட். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. அது முறிந்தால் தாங்கிக்குப் பிடிமானம் போய்விடும், சக்கரக்கால் உள்பக்கமாக மடங்கிவிடும். அந்த நேரத்தில் ஓடுபாதையில் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் 1,200 கிலோ விமானம் ஒரு பக்கத்து இறக்கையைத் தரையில் தேய்த்தபடி திரும்பும். அதன்பின் விமானியின் கையில் ஒன்றும் இல்லை.

இந்த ஸ்டட்டில் விரிசல் விழுகிறது என்று தெரிந்தபோது, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. 1995இல் ஓர் ஆணை போட்டது. பிறகு அதைத் திருத்தி, 97-01-01 என்ற எண்ணில் மறுபடி வெளியிட்டது. ஆரோ மட்டுமல்ல, அதே பைப்பர் நிறுவனத்தின் கோமாஞ்சி, லான்ஸ், செனெக்கா விமானங்களும் அதில் அடங்கின. ஆணை கேட்டது இதுதான்: ஸ்டட்டைக் கழற்று, விரிசல் இருக்கிறதா என்று சோதி, இருந்தால் மாற்று. இல்லையென்றால், இத்தனை மணி நேரம் பறந்தபின் திரும்பவும் கழற்றிச் சோதி. ஆரோ வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது: 500 மணி.

இப்படிப்பட்ட உத்தரவுக்கு வான்தகுதி ஆணை என்று பெயர். மெக்கானிக்குகள் சுருக்கமாக ஏ.டி. என்பார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி விதிமுறைத் தொகுப்பின் 14ஆம் தலைப்பில் 39ஆம் பகுதி இதற்கென்றே இருக்கிறது. ஒரு விமானத்தில் ஆபத்தான குறை இருக்க வேண்டும். அதே வடிவமைப்பில் கட்டிய மற்ற விமானங்களிலும் அந்தக் குறை இருக்கவோ வரவோ வாய்ப்பு இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால் ஆணை பிறக்கும். பிறந்துவிட்டால் அது சட்டம். அதில் சொன்னபடி செய்யாத விமானத்தை எடுத்துப் பறப்பது குற்றம்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விமானம் வைத்திருப்பவர்களே இதில் குழம்புகிறார்கள். விமானத்தைச் செய்த நிறுவனமும் அவ்வப்போது சர்வீஸ் புல்லட்டின் என்ற அறிக்கைகளை அனுப்பும். அவற்றில் சில 'கட்டாயம்' என்று தலைப்பிலேயே போட்டு வரும். ஆனாலும் அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குப் பறப்பவரை அந்த வார்த்தை மட்டும் கட்டுப்படுத்தாது. அரசு அதை எடுத்து வான்தகுதி ஆணையாக வெளியிட்டால்தான் கட்டுப்படுத்தும். தயாரித்தவர் சொல்வது அறிவுரை, அரசு சொல்வது சட்டம். இரண்டுக்கும் நடுவில் சில மாதங்கள், சில வேளை சில ஆண்டுகள்கூடப் போய்விடும். அந்த இடைவெளியில் பறக்கும் விமானங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

சக்கரக்காலில் மட்டும் ஏன் இத்தனை விரிசல்? இயற்பியல் எளிமையானதுதான். தரையிறங்கும் விமானம் முன்னோக்கி ஓடும் அதே நேரத்தில் கீழ்நோக்கியும் வருகிறது. சிறிய விமானங்களுக்கான அமெரிக்க விதி பல பத்தாண்டுகளாக ஒரு கணக்கு வைத்திருந்தது: வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் இறங்கு வேகம் நொடிக்கு 7 அடிக்குக் குறையக் கூடாது, 10 அடிக்கு மேல் போக வேண்டியதில்லை. இதைச் சோதிக்கச் சக்கரக்காலில் அதற்குரிய எடையை ஏற்றி உயரத்திலிருந்து கீழே போடுவார்கள். அந்த உயரம் குறைந்தது 9.2 அங்குலம், அதிகபட்சம் 18.7 அங்குலம். நம் அளவில் சொன்னால் ஒரு சாணிலிருந்து ஒரு முழம் வரை. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 1,200 கிலோவை ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டால், அது தரையைத் தொடும்போது நொடிக்கு 2.1 மீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகத்தை 20 சென்டிமீட்டர் தூரத்தில் சீராகக் கரைத்தால், உடலும் உலோகமும் உணரும் கூடுதல் விசை புவியீர்ப்பைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். 2 சென்டிமீட்டரில் நிறுத்தினால் அதுவே பத்து மடங்காகிவிடும்.

அந்த 20 சென்டிமீட்டரைத் தருவதுதான் ஓலியோ ஸ்டிரட். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், உள்ளே காற்று அல்லது நைட்ரஜன் வாயு, அதோடு சிவப்பு நிற ஹைட்ராலிக் எண்ணெய். இறங்கும்போது வாயு நசுங்குகிறது, எண்ணெய் சிறு துளை வழியாகப் பிதுங்கிப் போகிறது, அடியின் ஆற்றல் சூடாக மாறிவிடுகிறது. முத்திரை வளையம் தேய்ந்து வாயு கசிந்துபோன ஸ்டிரட்டோடு இறங்கினால் 20 சென்டிமீட்டர் ஐந்தாகவும் மூன்றாகவும் சுருங்கும். அடி அத்தனையும் தாங்கிக்கும் ஸ்டட்டுக்கும் போகும். நிறுத்தியிருக்கும் விமானத்தில் ஒரு பக்கக் கால் குட்டையாகத் தெரிந்தால், காலடியில் சிவப்பு எண்ணெய்க் கறை இருந்தால், அனுபவமுள்ள விமானி அப்படியே திரும்பிப் போய்விடுவார்.

ஆனால் ஒரே ஓர் அடியில் முறிவது அபூர்வம். வடிவமைப்பாளர் அதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் கணக்குப் போட்டிருப்பார். சக்கரக்காலைக் கொல்வது உலோகச் சோர்வு. தாங்கக்கூடிய சுமையைவிடக் குறைந்த சுமையே ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை வந்து போகும்போது, உலோகத்தின் பரப்பில் எங்கோ ஒரு சிறு கீறலில், ஒரு துருப் புள்ளியில், கடைசல் இயந்திரம் விட்ட ஒரு கூர்மூலையில் விரிசல் தொடங்கும். பிறகு ஒவ்வோர் இறக்கத்துக்கும் மயிரிழையிலும் குறைவாக உள்ளே நகரும். ஒருநாள் மிச்சமிருக்கும் உலோகம் போதாமல் போகும். முறிந்த பரப்பைப் பார்த்தால் கதை முழுவதும் தெரிந்துவிடும்: விரிசல் மெல்ல நகர்ந்த பகுதி வழவழப்பாக, வளைகோடுகளோடு இருக்கும், கடைசியில் படக்கென்று முறிந்த பகுதி சொரசொரப்பாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் காரணமில்லாமல் முறிவதைப் பார்த்து, ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் இந்தச் சோர்வைச் சோதனை மூலம் ஆராய்ந்தார். அன்றிலிருந்து காரணம் நமக்குத் தெரியும். எந்த ஸ்டட்டில் எப்போது என்பதுதான் தெரியாது.

இன்னொரு சிக்கல், சோர்வு இறக்கங்களை எண்ணுகிறது, சிறிய விமானத்தின் லாக்புக்கோ மணிகளை எண்ணுகிறது. ஊர்விட்டு ஊர் போகும் சொந்தக்காரரின் விமானம் மூன்று மணி நேரத்தில் ஒரு தடவை இறங்கும். பயிற்சிப் பள்ளி விமானம் ஒரே மணி நேரத்தில் ஆறேழு தடவை இறங்கி ஏறும், அதுவும் இப்போதுதான் கற்றுக்கொள்ளும் கைகளில். லாக்புக்கில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். இதனால்தான் சக்கரக்கால் (லேண்டிங் கியர்) ஆணைகள் சிலவற்றில், இறக்கங்களின் எண்ணிக்கை தெரியாவிட்டால் மணியிலிருந்து அதை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று ஆணையே வழி சொல்லிவிடுகிறது. ஆணையில் இருக்கும் 'இத்தனை மணிக்கு ஒருமுறை' என்ற எண் எல்லா விமானத்துக்கும் சமமாகப் பொருந்தும் எண் அல்ல. மோசமாக அடிபடும் விமானத்தையும் காப்பாற்றும் அளவுக்கு அது இறுக்கமாக இருக்க வேண்டும். அதனால் மென்மையாகப் பறக்கும் சொந்தக்காரருக்கு அது அநியாயமாகவே தோன்றும்.

விரிசலைத் தேடும் வேலையை ஹேங்கரில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். விமானத்தை ஜாக்கில் தூக்கி நிறுத்திவிட்டு, தாங்கியைப் பிரித்து, ஸ்டட்டை அதன் பிடியிலிருந்து வெளியே எடுப்பார்கள். எடுக்காமல் பார்ப்பதில் பயனில்லை. விரிசல் விழும் இடம் பிடிக்குள் மறைந்திருக்கிறது. கிரீஸும் பெயின்ட்டும் போகத் துடைத்துக் கழுவிக் காயவைப்பார்கள். அதன்மேல் ஊடுருவும் சாயத்தைப் பூசுவார்கள். சாயம் விரிசலுக்குள் தானாகவே இழுபட்டுப் போகட்டும் என்று காத்திருப்பார்கள். இந்தக் காத்திருப்பில் அவசரப்பட்டால் சோதனையே வீண். பிறகு மேற்பரப்பில் இருக்கும் சாயத்தை மட்டும் துடைத்தெடுப்பார்கள். அதற்கும் பக்குவம் உண்டு. அழுத்தித் துடைத்தால் விரிசலுக்குள் போனதும் வந்துவிடும். அதன்மேல் வெள்ளைப் பொடியைத் தெளித்தால், உள்ளே ஒளிந்திருந்த சாயம் பொடியில் ஊறி மேலே வரும். சில நிமிடத்தில் வெள்ளைப் பரப்பில் தலைமயிர் அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு. ஒளிரும் சாயமாக இருந்தால் இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் பச்சை மஞ்சளாக மின்னும். எஃகுப் பொருள் என்பதால் காந்தமேற்றி இரும்புத் துகள் தூவியும் பார்க்கலாம். விரிசல் இருக்கும் இடத்தில் காந்தப் புலம் வெளியே கசிய, துகள்கள் அங்கே வரிசையாக வந்து ஒட்டிக்கொள்ளும். வெறும் கண்ணுக்குப் புத்தம் புதிதாகத் தெரிந்த ஸ்டட், அந்த ஒரு கோட்டோடு குப்பைக்குப் போகும்.

கட்டாயம் தேவைதானா என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்தக் கோடுதான். விமானி ஒவ்வொரு பறத்தலுக்கும் முன்னால் சுற்றி வந்து பார்க்கிறார், ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக் முழுமையாகச் சோதிக்கிறார். இருவர் கண்ணுக்கும் அது தெரியாது. தெரியாத ஒன்றுக்காக யாரும் தாமாகக் காசு செலவழித்து நல்ல பாகத்தைப் பிரிக்க மாட்டார்கள். 'என் விமானம் நன்றாகத்தான் இருக்கிறது' என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள், பெரும்பாலானோர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். யார் சொல்வது பொய் என்று கண்டுபிடிக்க எல்லோரையும் பிரிக்கச் சொல்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

மடங்கும் சக்கரத்தில் முறிவு மட்டுமே பிரச்சினை இல்லை. கீழே வந்த கால் பூட்டிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான விமானங்களில் இந்தப் பூட்டு முழங்காலைப் போன்றது: இரண்டு துண்டுத் தாங்கி நேராகி, நேர்க்கோட்டைக் கொஞ்சம் தாண்டி மறுபக்கம் போய் நிற்கும். அப்படி நின்றபின் விமானத்தின் எடை அதை மடக்காமல் இன்னும் இறுக்கிவிடும். அந்தக் 'கொஞ்சம் தாண்டி' என்பது மில்லிமீட்டர் கணக்கு. இணைப்புகள் தேய்ந்தால், சரிசெய்தல் தவறினால், தாங்கி நேர்க்கோட்டைத் தாண்டாமல் அதன்மேலேயே நிற்கும். விமானிக்குப் பச்சை விளக்கு எரியும், கால் மடங்கத் தயாராக இருக்கும். செனெக்கா என்ற இரட்டை எஞ்சின் விமானத்தின் மூக்குச் சக்கரம் இறங்கும்போது மடங்கிய சம்பவங்கள் வந்தபின், அதைச் சோதித்துச் சரியாக அமைக்கச் சொல்லி 2005இல் எஃப்.ஏ.ஏ. ஆணை போட்டது. செனெக்கா நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளிலும் பழகிய விமானம்.

ஆணைகள் அவசரமாக எப்படி வருகின்றன, அவற்றால் எது முடியும், எது முடியாது என்பதையெல்லாம் ஒருசேரக் காட்டியது 2007ஆம் ஆண்டு. விமானம் கொஞ்சம் பெரியது: பம்பார்டியர் டாஷ் 8 கியூ400, இரண்டு ப்ரொப்பெல்லர், எழுபது சொச்சம் இருக்கை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஸ்பைஸ்ஜெட் ஓட்டியதும் இதே ரகம்தான். அந்த ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி, ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸின் கியூ400 ஒன்று கோபன்ஹேகனிலிருந்து டென்மார்க்கின் ஓல்போர் நகருக்கு 73 பேரோடு போனது. வலது கால் பூட்டிக்கொண்டதற்கான பச்சை விளக்கு வரவில்லை. விமானிகள் இறங்காமல் மேலேறி மறுபடி முயன்று பார்த்தார்கள், பலனில்லை. இறங்கியதும் வலது கால் சரிந்தது. சுழன்றுகொண்டிருந்த வலது ப்ரொப்பெல்லர் தரையில் மோதி உடைந்து, அதன் துண்டு ஒன்று பயணிகள் அறையின் சுவரைத் துளைத்து உள்ளே வந்தது. சிலருக்கு லேசான காயம், யாரும் இறக்கவில்லை.

மூன்றே நாளில், செப்டம்பர் 12ஆம் தேதி, அதே நிறுவனத்தின் இன்னொரு கியூ400 லித்துவேனியாவின் வில்னியஸில் இறங்கியது. அதே வலது கால், அதே சரிவு.

காரணம் துரு. காலை மேலே இழுக்கவும் கீழே இறக்கவும் ஒரு ஹைட்ராலிக் தண்டு இருக்கிறது. அந்தத் தண்டின் நுனியில் இருக்கும் இணைப்பு, மரையால் தண்டுக்குள் திருகப்பட்டிருக்கும். மரைக்குள் துரு தின்றுதின்று பிடிமானம் போய், தண்டிலிருந்து இணைப்பு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இந்தத் தண்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: கனமான கால் கீழே விழும் வேகத்தைத் தடுத்து மெல்ல இறக்குவது. அது கழன்றதும் கால் தடையில்லாமல் தொம்மென்று விழுந்து, பூட்டுத் தாங்கியையே சேதப்படுத்திவிட்டது. பூட்டு இல்லாத கால் எடையைத் தாங்கவில்லை. மரைக்குள் இருக்கும் துரு வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது.

விமானத்தை வடிவமைத்த நாடு கனடா. கனடாவின் போக்குவரத்துத் துறை உடனே ஆணை போட்டது. 10,000 தடவைக்கு மேல் பறந்து இறங்கிய கியூ400கள் சோதனை முடியும்வரை தரையில் நிற்க வேண்டும் என்றானது. உலகம் முழுக்கச் சுமார் 60 விமானங்கள் நின்றுபோயின. ஒரு மரைக்குள் இருந்த துருவுக்காக இத்தனை விமானங்களை நிறுத்தியதை அன்று சிலர் அதிகம் என்றார்கள். எனக்கு அது சரியான முடிவு. இரண்டு விபத்துக்கு நடுவில் மூன்று நாள் மட்டுமே இருந்ததை வைத்துப் பார்த்தால், நான்காவது நாள் எங்கே நடக்கும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

சோதனைகள் நடந்தன, துருப்பிடித்த பாகங்கள் மாற்றப்பட்டன, விமானங்கள் திரும்பப் பறந்தன. அக்டோபர் 27ஆம் தேதி, அதே நிறுவனம், அதே ரகம், கோபன்ஹேகன் விமான நிலையம். வலது கால் இந்தமுறை கீழே வரவே இல்லை. ஓல்போரில் நடந்ததை மனதில் வைத்து விமானிகள் வலது எஞ்சினை முன்பே நிறுத்திவிட்டு இறங்கினார்கள். ப்ரொப்பெல்லர் சுற்றாததால் துண்டுகள் பறக்கவில்லை, உயிர்ச்சேதமும் இல்லை. காரணத்தைத் தேடியவர்கள் கண்டது துரு அல்ல. தன் இடத்திலிருந்து பிரிந்துபோன ஒரு சிறு ரப்பர் முத்திரை வளையம், எண்ணெய் போகும் துளையை அடைத்திருந்தது. முதல் இரண்டு விபத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் அடுத்த நாளே தன்னிடமிருந்த 27 கியூ400களையும் இனிப் பறக்கவிடப் போவதில்லை என்று அறிவித்துவிட்டது.

வான்தகுதி ஆணைக்கு ஏற்கெனவே நடந்தது மட்டுமே தெரியும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மரையில் துருவைத் தேடு என்றது ஆணை, தேடினார்கள். பக்கத்திலேயே இருந்த ரப்பர் வளையத்தைப் பற்றி ஆணையில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆணையில் எழுதியதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும் மெக்கானிக்குக்கும், காலைப் பிரித்த நேரத்தில் கண்ணில் படுவதையெல்லாம் பார்க்கும் மெக்கானிக்குக்கும் உள்ள வித்தியாசம் எந்தச் சட்டத்திலும் எழுதப்படாது. பயணியின் உயிர் அந்த வித்தியாசத்திலும் இருக்கிறது.

உலோகத்தின் குறைகளைவிட மனிதனின் குறைகளைச் சரிசெய்வது இன்னும் கடினம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாக இறங்கி ஓடுபாதையில் ஓடும்போதே திடீரென வயிற்றில் உட்கார்ந்தன. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இறக்கை மடலை மடக்கும் ஸ்விட்சும் சக்கரத்தை மடக்கும் ஸ்விட்சும் ஒரே மாதிரி, அடுத்தடுத்து இருந்தன. களைத்துப்போன விமானி மடலை மடக்க நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிடுகிறார். சபானிஸ் சக்கரத்தின் ஸ்விட்சில் சின்ன ரப்பர்ச் சக்கரத்தையும், மடலின் ஸ்விட்சில் ஆப்பு வடிவத் துண்டையும் ஒட்டினார். இருட்டிலும் கை அடையாளம் கண்டுகொண்டது. பிற்பாடு அது விதியாகவே ஆனது. இன்று அமெரிக்க விதிப்படி சக்கரத்தின் கைப்பிடி சக்கர வடிவிலும், மடலின் கைப்பிடி இறக்கை வடிவிலும் இருந்தாக வேண்டும். லேண்டிங் கியருக்குச் செய்த மாற்றங்களிலேயே செலவு மிகக் குறைந்ததும் பலன் மிகுந்ததும் இதுதான் என்பேன்.

இருந்தும் பிரச்சினை முழுவதும் தீரவில்லை. பீச்கிராஃப்ட் பொனான்சா, பேரன் விமானங்களில் இந்த இரண்டு கைப்பிடிகளும் மற்ற விமானங்களுக்கு நேர் எதிரான பக்கங்களில் இருந்தன. வேறு விமானத்தில் பழகியவர் கைபோன போக்கில் தவறானதை இழுத்தார். காலில் எடை இருக்கும்போது மடக்க விடாத பாதுகாப்பு ஸ்விட்ச் ஒன்று உண்டுதான். ஆனால் இறங்கிய முதல் சில நொடிகளில் இறக்கைகள் இன்னும் விமானத்தின் எடையில் பாதியைச் சுமந்துகொண்டிருக்கும். ஸ்டிரட் முழுவதும் அமுங்கியிருக்காது. ஸ்விட்ச் விமானம் இன்னும் வானத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1980இல் இதைத் தனியாக ஆராய்ந்து, குற்றம் விமானியின் கையில் மட்டும் இல்லை, வடிவமைப்பிலும் இருக்கிறது என்று எழுதியது.

பைப்பர் ஆரோவின் வடிவமைப்பாளர்கள் மறதிக்கு இன்னொரு மருந்து கண்டார்கள். விமானத்தின் பக்கவாட்டில் காற்றழுத்தத்தை அளக்கும் சிறு தண்டு ஒன்றை வைத்தார்கள். வேகம் குறைந்து எஞ்சினின் காற்றோட்டமும் குறைந்தால், இறங்கப் போகிறார்கள் என்று புரிந்துகொண்டு, விமானி மறந்தாலும் சக்கரத்தைத் தானே கீழே இறக்கிவிடும். எத்தனையோ விமானங்கள் வயிற்றில் இறங்காமல் இதனால் தப்பியிருக்கும். ஆனால் நடுவானில் எஞ்சின் நின்றுபோனாலும் அதே இரண்டு அடையாளங்கள்தான் தெரியும்: வேகம் குறைவு, காற்றோட்டம் இல்லை. காட்டுக்கு மேலே மிதந்தபடி வயல்வெளியைத் தேடும் விமானிக்கு, கேட்காமலே சக்கரம் இறங்கிக் காற்றில் தடையாக நிற்கும். மிதந்து போகக்கூடிய தூரம் குறையும். இதற்கென்று இருந்த நெம்புகோலைப் பிடித்துத் தடுக்கலாம், நினைவிருந்தால். 1980களில் பைப்பர் நிறுவனமே இந்த ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்யச் சொல்லி அறிக்கை விட்டது. பல சொந்தக்காரர்கள் அதை ஏற்கவில்லை. ஏற்பாடு வேலை செய்யும் ஆரோக்கள் இன்றும் உண்டு. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அரசு இதைக் கட்டாயமாக்கியிருந்தால் எந்தப் பக்கம் நின்றிருக்க வேண்டும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லா மாற்றமும் ஆணையாக வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

செலவைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். அமெரிக்காவில் சாதாரண ஆணை முதலில் முன்மொழிவாக வெளியாகும். யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். சொந்தக்காரர் சங்கங்கள் வரிந்துகட்டிக்கொண்டு எழுதும். ஒவ்வோர் ஆணையிலும் எத்தனை விமானத்துக்கு, எத்தனை மணி வேலை, பாகத்துக்கு என்ன விலை என்று கணக்கு இருக்கும். மணிக்கூலி பல ஆண்டுகளாக 85 டாலர் என்று போடுவார்கள். நடைமுறையில் பல ஊர்களில் அந்தக் கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. பாதிச் சோதனையில் திருகு துருவேறி உடைந்தால் அந்தச் செலவு கணக்கில் வராது. செஸ்னா நிறுவனம் 1986இல் பிஸ்டன் எஞ்சின் விமானங்கள் கட்டுவதையே நிறுத்தி, பத்தாண்டு கழித்துத்தான் திரும்பத் தொடங்கியது. பைப்பர் 1991இல் திவாலானது. அதனால் இன்று பறப்பவற்றில் பெரும்பங்கு நாற்பது, ஐம்பது வயது விமானங்கள். பாகம் கிடைப்பதே பாடு. இந்தக் குறைகள் உண்மையானவை. இதற்கு விதியிலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது: அதே அளவு பாதுகாப்பைத் தரும் மாற்றுவழியைக் காட்டினால் ஆணையம் அதை ஏற்கலாம். பல ஆணைகளில், வலுவான புதிய பாகத்தைப் போட்டுவிட்டால் திரும்பத் திரும்பச் சோதிக்கும் கட்டாயம் முடிந்துவிடும். கையில் காசு இருக்கிறவர்கள் அந்த வழியை எடுப்பதே நல்லது. ஏனென்றால் ஒவ்வொரு முறை பிரித்து மாட்டும்போதும் ஒரு வாஷர் விடுபடவும், ஒரு வளையம் நழுவவும் இடம் உண்டு.

பாகமே இல்லாவிட்டால் விரிசலுக்கும் இடமில்லை. ஸ்டீவ் விட்மன் என்ற அமெரிக்கப் பந்தய விமானி, ஒற்றை எஃகுப் பட்டையை வளைத்துச் சக்கரக்காலாக ஆக்கினார். பூட்டு இல்லை, தண்டு இல்லை, எண்ணெய் இல்லை, எஃகின் வளைவே அதிர்ச்சியைத் தாங்கும். செஸ்னா அதை வாங்கிக்கொண்டது. பயிற்சி விமானங்களில் பேர்போன செஸ்னா 172 அந்த மரபில் வந்தது. வேகமான விமானம் என்றால் சக்கரம் மடங்கியே ஆக வேண்டும் என்ற நினைப்பையும் சிரஸ் எஸ்.ஆர்.22 உடைத்தது, மடங்காத காலுக்கு நல்ல உறை போட்டே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. கற்றுக்கொள்பவருக்கு மடங்காத கால்தான் ஏற்றது என்பது என் முடிவு.

இந்த ஆணைகள் அமெரிக்காவோடும் கனடாவோடும் நின்றுவிடுவதில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 8ஆம் இணைப்புப்படி, விமானத்தை வடிவமைத்த நாடு இத்தகைய தகவலை அந்த விமானம் பதிவாகியிருக்கும் நாடுகளுக்குச் சேர்க்க வேண்டும். நம் நாட்டில் வி.டி. என்று தொடங்கும் பதிவெண் கொண்ட செனெக்காவுக்கும் செஸ்னாவுக்கும் விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ. அதைக் கட்டாயமாக்குகிறது. புளோரிடாவில் ஒரு ஸ்டட்டில் தெரிந்த விரிசலுக்காக இங்கே ஒரு ஹேங்கரில் விமானம் ஜாக்கில் ஏறுகிறது.

பறக்கக் கற்றுக்கொள்ளச் சேரும் பிள்ளைகளுக்கும், அதற்காகக் கடன் வாங்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன். பள்ளியில் எத்தனை விமானம் இருக்கிறது, ஏ.சி. வகுப்பறை இருக்கிறதா என்று விசாரிப்பதோடு நிறுத்தாதீர்கள். பறக்கப் போகும் விமானத்தின் லாக்புக்கில் வான்தகுதி ஆணைகளின் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். ஆணையின் எண், செய்த தேதி, அப்போது விமானம் பறந்திருந்த மணி, எந்த முறையில் செய்தார்கள், அடுத்து எப்போது, யார் கையெழுத்து என்ற விவரம் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். ஒழுங்காக நடக்கும் இடத்தில் தயங்காமல் காட்டுவார்கள். காட்ட மறுக்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.